கனவுக்கு உரியவர் யார்?

மறைந்த தாய் கனவில் வந்து தண்ணீர் கேட்டார்; ஆகவே ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று பங்கு அலுவலகத்திற்கு வருவோர் நம்மிடையே இன்றும் பலர். பல் விழுந்ததாகவும் பாம்பு துரத்தியதாகவும் கண்ட கனவுகளுக்குப் பலன் கேட்போரும் உண்டு. மறுபுறம், நகரங்களில் வாழும் நம் இளைய தலைமுறையினர் சிலர் ஆற்றுப்படுத்துநரிடமும் உளமருத்துவரிடமும் சென்று தங்கள் கனவுகளைச் சொல்லத் தொடங்கியுள்ளனர். கேட்பவர் குருவாயினும், கனவுப் பலன் சொல்பவராயினும், உளமருத்துவராயினும் எழும் கேள்வி ஒன்றே. ஒருவர் கண்ட கனவின் பொருளைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? கண்டவருக்கா, கேட்டவருக்கா?

இக்கேள்வியை மனத்திற்கொண்டு இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படிக்க விரும்புகிறேன். ஒன்று, சிக்மண்ட் பிராய்டு 1905-இல் வெளியிட்ட, ‘தோரா’ என்று அவர் பெயரிட்ட இளம்பெண்ணின் சிகிச்சை வரலாறு. மற்றொன்று, அதற்கு ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் புனித அகுஸ்தினார் எழுதிய ‘அறிக்கைகள்’. முன்னது உளப்பகுப்பாய்வு பயில்வோரின் பாடநூல்; பின்னது நம் திருச்சபையின் ஆன்மிகக் கருவூலம். இரண்டிலும் ஒரு பெண் கனவு காண்கிறார். இரண்டிலும் அறிவிற் சிறந்த ஓர் ஆண் அதற்குப் பொருள் கூறுகிறார். இரண்டிலும் அந்தப் பெண் அப்பொருளை ஏற்க மறுக்கிறார். மறுப்புக்குப் பின் நிகழ்வதில்தான் இரு நூல்களும் பிரிகின்றன.

வியன்னாவில் ஒரு வாக்குறுதி

பிராய்டின் ‘கனவுகளின் விளக்கம்’ 1899 நவம்பரில் வெளிவந்தது. நூலின் முகப்பிலோ 1900 என்று அச்சிடப்பட்டிருந்தது. முதற்பதிப்பின் 600 படிகள் விற்றுத் தீர 8 ஆண்டுகள் ஆயின. அந்நூலின் கொள்கைகள் அனைத்தையும் ஏற்பது கிறிஸ்தவருக்கு இயலாது; சமயத்தைப் பற்றிப் பிராய்டு பின்னாளில் எழுதியவற்றை ஏற்பது அதனினும் அரிது. ஆயினும் அந்நூலில் ஒரு நன்மை உண்டு. அதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழங்காலக் கனவு நூல்கள் அகராதியைப் போன்றவை. இன்னது கண்டால் இன்ன பலன் என்று வரிசையாகச் சொல்லிச் செல்பவை. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவு நூல் எழுதிய அர்த்தெமிதோர், கனவு கண்டவரின் தொழிலையும் வாழ்க்கை நிலையையும் கவனித்தார் என்பது உண்மையே. எனினும், ஓர் உருவம் எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்தவர் பலன் சொல்பவரே. பிராய்டு இதை மாற்றினார். கனவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டைப் பற்றியும் அதைக் கண்டவரின் உள்ளத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்லச் செய்தார். பலன் சொல்பவருக்குத் தோன்றுவது முக்கியமன்று, கனவு கண்டவருக்குத் தோன்றுவதே முக்கியம் என்று அந்நூலின் பிற்பதிப்பில் ஓர் அடிக்குறிப்பாகவும் எழுதினார்.

இது ஒரு வாக்குறுதி. கனவின் திறவுகோல் கண்டவர் கையிலேயே இருக்கிறது. மருத்துவர் அருகிலிருந்து விளக்குப் பிடிப்பவர் மட்டுமே. இந்த வாக்குறுதியைப் பிராய்டு காப்பாற்றினாரா? அவரை வெளியாருடைய அளவுகோலால் அளக்க வேண்டியதில்லை. அவர் தந்த அளவுகோலே போதும்.

எரியும் வீடு

தோராவின் உண்மைப் பெயர் இடா பாவர். 1882-இல் வியன்னாவில் பிறந்தவர். பின்னாளில் ஆஸ்திரிய சமதர்மக் கட்சியின் தலைவராகவும் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கிய ஓட்டோ பாவர் இவருடைய அண்ணன். 1900 அக்டோபரில், 18 வயது நிறைவதற்குச் சற்று முன், தந்தை இவரைப் பிராய்டிடம் அழைத்து வந்தார். உயிரை விடப்போவதாக மகள் எழுதி வைத்திருந்த கடிதம் பெற்றோர் கண்ணில் பட்டிருந்தது.

துயரத்தின் வேர் இதுதான். தந்தைக்கும் குடும்ப நண்பர் ஒருவரின் மனைவிக்கும் தகாத உறவு இருந்தது. பிராய்டு அந்த நண்பரைத் திரு. கே. என்று குறிப்பிடுகிறார். அந்த மனிதர் தோராவின்மேல் கண் வைத்தார். பிராய்டு தரும் கணக்குப்படி, தோராவுக்கு 14 வயதானபோது தம் கடையில் அவரைத் தனியே வரவழைத்து முத்தமிட்டார். 16 வயதில் ஓர் ஏரிக்கரையில் தம் விருப்பத்தை வெளிப்படையாகச் சொன்னார். பெண் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு அகன்றார். இரண்டு வாரங்களுக்குப் பின் தாயிடம் நடந்ததைச் சொன்னார். திரு. கே. முற்றிலும் மறுத்தார். காதல் நூல்களைப் படித்துப் படித்துப் பெண் கற்பனை செய்துகொண்டாள் என்றார். தந்தையும் அதையே நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். தம் மனைவியின் உறவைக் கண்டுகொள்ளாதிருப்பதற்கு விலையாகத் தன்னை அந்த மனிதரிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று தோரா உணர்ந்தார். இந்நிலையில்தான் மகளை நல்வழிக்குக் கொண்டுவருமாறு தந்தை மருத்துவரைக் கேட்டுக்கொண்டார்.

பிராய்டின் பெருமையை இங்கே மறைக்கலாகாது. ஏரிக்கரையில் நடந்ததாகத் தோரா சொன்னதை அவர் நம்பினார். தந்தையின் பேச்சில் நேர்மை இல்லை என்பதையும் கண்டுகொண்டார். பெரியவர்கள் எவரும் நம்பாத ஒரு பெண்ணை நம்பியதே பெரும் நீதி.

சிகிச்சையின் நடுவே தோரா ஒரு கனவைச் சொன்னார். ஏரிக்கரை நிகழ்ச்சிக்குப் பின் அங்கேயே மூன்று இரவுகள் வந்த அதே கனவு, இப்போது வியன்னாவில் மீண்டும் வந்தது. வீடு தீப்பற்றி எரிகிறது. தந்தை கட்டிலருகே நின்று தன்னை எழுப்புகிறார். விரைந்து உடுத்திக்கொள்கிறார். தாயோ தம் நகைப்பெட்டியை எடுத்துவர நினைக்கிறார். பெட்டிக்காகத் தாமும் தம் பிள்ளைகள் இருவரும் வெந்து சாக முடியாது என்று தந்தை மறுத்துவிடுகிறார். எல்லாரும் படியிறங்கி ஓடுகிறார்கள். வெளியே வந்ததும் விழிப்பு வந்துவிடுகிறது.

பிராய்டு தம் முறைப்படியே கேட்டார். தோராவும் நினைவுகளை வரிசையாகச் சொன்னார். ஏரிக்கரையில் தங்கிய வீடு மரவீடு. இடிதாங்கி இல்லாததால் தீப்பிடிக்குமோ என்று தந்தை அஞ்சினார். நிகழ்ச்சி நடந்த அன்று பிற்பகலில் கண்ணயர்ந்து விழித்தபோது திரு. கே. அருகே நின்றுகொண்டிருந்தார். அறையைப் பூட்டிக்கொள்ளச் சாவி பெற்றார். சாவியும் பின்னர் காணாமற்போனது. அதனால் நாள்தோறும் விரைந்து உடுத்திக்கொள்ளலானார்; தந்தை புறப்படும்போது தானும் புறப்பட்டுவிட வேண்டும் என்று உறுதி செய்தார். தாய்க்கும் தந்தைக்கும் நகை பற்றி ஒருமுறை சண்டை நடந்தது. திரு. கே. தனக்கு விலையுயர்ந்த நகைப்பெட்டி ஒன்றைப் பரிசளித்திருந்தார்.

வாசகர்களே, இந்நினைவுகளைச் சேர்த்துப் படித்தால் கனவு தானே பேசவில்லையா? உண்மையில் கட்டிலருகே நின்றவர் அச்சுறுத்தியவர். கனவிலோ அவ்விடத்தில் தந்தை நிற்கிறார். உண்மையில் தந்தை தம் வசதிக்காக மகளைக் கைவிட்டார். கனவிலோ பொருளைத் துறந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார். எந்தத் தந்தை வேண்டுமென்று அந்தச் சிறுமி ஏங்கினாளோ, அந்தத் தந்தையே கனவில் வருகிறார். இந்த வீட்டைவிட்டு வெளியேறும்வரை எனக்கு அமைதியில்லை என்பதே கனவின் உறுதிமொழி. இந்த உறுதிமொழியைப் பிராய்டும் கண்டார்; எழுதியும் வைத்தார்.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. கனவு என்பது குழந்தைப் பருவ விருப்பத்தின் மறைமுக நிறைவேற்றம் என்பது அவரது கோட்பாடு. அச்சமும் உறுதியும் அந்தக் கோட்பாட்டுக்குப் போதவில்லை. எனவே நகைப்பெட்டி பெண்ணுடலைக் குறிக்கும் வழக்குச்சொல் என்றார். தோரா அஞ்சியது திரு. கே.யை மட்டுமன்று, அவருக்கு இணங்கிவிட விரும்பிய தன் உள்ளத்தையே என்றும், அந்த விருப்பத்திலிருந்து தப்பத் தந்தையின்மேல் கொண்டிருந்த பழைய பாசத்தை எழுப்பிக்கொண்டாள் என்றும் விளக்கினார். நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் தோரா விடையளித்தார். ஒரு பெண் மனம் சலித்துச் சொன்ன விடை இது. பிராய்டோ, உண்மை மேலெழும்போது அதை ஒதுக்குவதற்கு நோயாளிகள் கையாளும் வழக்கமான வழி இது என்று குறித்துக்கொண்டார்.

மறுக்க இயலாத விளக்கம்

என் விமர்சனத்தின் மையம் இதுவே. பிராய்டின் விளக்கம் தவறாக இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். மனித உள்ளம் ஆழமானது. நாம் வெறுப்பதாக எண்ணுவதை விரும்பவும் கூடும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு விளக்கம் தவறென்று காட்டுவதற்கு வழியே இல்லாதபோது அது விளக்கமாக இருப்பதில்லை, ஆணையாகிவிடுகிறது. நனவிலி மனத்தில் ‘இல்லை’ என்பதே கிடையாது என்றும், நோயாளி சொல்லும் ‘இல்லை’ அடக்கப்பட்ட எண்ணத்தின் வலிமையையே காட்டுகிறது என்றும் இதே நூலில் பிராய்டு எழுதுகிறார். ஆம் என்றால் ஆம்; இல்லை என்றாலும் ஆம்! பதினான்கு வயதில் முத்தமிடப்பட்டபோது அச்சிறுமி அடைந்த அருவருப்பைக்கூட நோயின் அறிகுறி என்றே அவர் கணித்தார். அருவருப்பு ஒரு பிள்ளையின் நேர்மையான மறுப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் அவருடைய கோட்பாட்டில் நுழைய வாயில் இல்லை.

ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிக் குருமடத்தில் கற்பிக்கப்படும் பழைய விதி ஒன்று உண்டு. பாவ அறிக்கை செய்பவர் தமக்குச் சார்பாகச் சொன்னாலும் தமக்கு எதிராகச் சொன்னாலும் அவரை நம்ப வேண்டும் என்பது அது. ஒருவருடைய உள்ளத்தைப் பற்றிய வழக்கில் அவரே சாட்சி. அவரே குற்றம் சாட்டுபவர். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 979-ஆம் சட்டமும் கேள்வி கேட்கும் குருவுக்கு எல்லை வகுக்கிறது: விவேகத்தோடும் அடக்கத்தோடும், வந்திருப்பவரின் வயதையும் நிலையையும் கருதியும் கேட்க வேண்டும். மனச்சான்று மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டின் 16-ஆம் பிரிவில் கற்பிக்கிறது. உள்ளறை என்றால் கதவு உண்டு. கதவைத் திறக்கும் உரிமை உள்ளிருப்பவருக்கு உரியது. குருவும் தட்டலாம், உடைத்துத் திறக்கலாகாது.

இதைச் சொல்வதால் நம் வீடு தூய்மையானது, அவர் வீடுதான் குப்பை என்று எண்ணிவிடக் கூடாது. அறிக்கையிட வந்தவரின் உள்ளத்தை அவரைவிடத் தாமே அறிந்ததுபோல் பேசிய குருக்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பிராய்டின்மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு நம் மேலும் திரும்பும் இயல்புடையது.

தோரா இரண்டாவது கனவொன்றையும் சொன்னார். அதன் விளக்கத்தில் பிராய்டு பெருமகிழ்ச்சி அடைந்தபோது, அப்படியென்ன பெரிதாக வெளிவந்துவிட்டது என்று கேட்டார். அடுத்த சந்திப்பின் தொடக்கத்திலேயே இதுவே கடைசி என்று அறிவித்தார். அன்று 1900 டிசம்பர் 31. ஏறத்தாழ மூன்று மாதச் சிகிச்சை அத்துடன் முடிந்தது. எரியும் வீட்டின் கனவு வியன்னாவில் மீண்டும் வந்ததற்குக் காரணம், திரு. கே.யின் வீட்டைவிட்டு வெளியேறியதுபோல இச்சிகிச்சையையும் விட்டு வெளியேறத் தோரா எண்ணியதே என்று பிராய்டு பின்னுரையில் ஒப்புக்கொள்கிறார். கனவு அவரிடமே பேசியிருக்கிறது; அவர் காதில் அது விழவில்லை. தம் தோல்வியைத் தாமே அச்சேற்றிய நேர்மைக்காக அவரை நாம் மதிக்க வேண்டும். எத்தனை பேர் அதைச் செய்வர்?

1901-இல் கே. தம்பதியரின் குழந்தை ஒன்று இறந்தது. துக்கம் விசாரிக்கச் சென்ற தோரா, தந்தையோடு அவருக்கிருந்த உறவு தனக்குத் தெரியும் என்று அப்பெண்மணியிடம் நேரில் சொன்னார், அவர் மறுக்கவில்லை. திரு. கே.யோ ஏரிக்கரை நிகழ்ச்சி உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். தோராவுக்குத் தேவைப்பட்டது இதுவே: நடந்தது நடந்ததுதான் என்று ஒருவர் வாய் திறந்து சொல்வது. உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன் 1962-இல் எழுதிய கட்டுரையில் இதையே சுட்டிக்காட்டினார். வளரிளம் பருவத்தினர் உள்ளத்தின் உண்மையை மட்டும் தேடுவதில்லை. பெரியவர்களின் நாணயத்தையும் நடந்தவற்றின் உண்மையையும் தேடுகிறார்கள் என்பது அவர் கருத்து. 1902 ஏப்ரலில் தோரா மீண்டும் பிராய்டிடம் வந்தபோது அவர் சிகிச்சை தர முன்வரவில்லை. தம்மிடமிருந்து முழுமையான குணம் பெறாமல் சென்றதை மன்னிப்பதாக வாக்களித்தார். மன்னிப்பின் பணியாளர்களாகிய நமக்கு இந்த வரி நெருடுகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் பலர் இருந்த ஒரு கதையில், மன்னிக்கப்பட்டவர் அந்தப் பெண் மட்டுமே!

மோனிக்காவின் மறுமொழி

இனி ‘அறிக்கைகள்’ நூலின் மூன்றாம் புத்தகத்துக்கு வருவோம். அகுஸ்தினார் அப்போது மானிக்கேயரின் வலையில் சிக்கியிருந்த இளைஞர். தாய் மோனிக்கா அவரோடு ஒரே பந்தியில் உண்ணவும் மனமின்றி இருந்தார். அந்நாள்களில் ஒரு கனவு. மரத்தாலான அளவுகோல் ஒன்றின்மேல் தாய் துயரத்தோடு நிற்கிறார். ஒளிமிக்க இளைஞர் ஒருவர் முகமலர்ச்சியோடு வந்து அழுகையின் காரணத்தைக் கேட்கிறார். மகனின் அழிவுக்காக அழுகிறேன் என்கிறார் தாய். கலங்க வேண்டாம், நீ இருக்குமிடத்திலேயே அவனும் இருக்கிறான் பார் என்கிறார் அவர். திரும்பிப் பார்த்தால் மகன் அதே அளவுகோலின்மேல் அருகே நிற்கிறான்.

கனவைக் கேட்ட மகன் சொற்கலை வல்லுநர். ஒருநாள் நீங்களும் என் நிலைக்கு வந்துவிடுவீர்கள் என்பதே இதன் பொருள் என்று திருப்பிப் பார்த்தார். தாய் ஒரு நொடியும் தயங்கவில்லை. அவன் இருக்குமிடத்தில் நீ இருப்பாய் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. நீ இருக்குமிடத்தில் அவன் இருப்பான் என்றுதான் சொல்லப்பட்டது என்று மறுத்துவிட்டார். கனவைவிட அந்த மறுமொழியே அன்று தம்மை அதிகம் அசைத்தது என்று அகுஸ்தினார் எழுதுகிறார். அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் அதே இருளில் இருந்தார் என்பதையும் மறைக்கவில்லை. 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மிலான் நகரில் புனித அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றபோதுதான் அக்கனவு நிறைவேறியது.

பிராய்டும் அகுஸ்தினாரும் ஒரே இடத்தில் நின்றவர்கள். இருவருக்கும் கனவைத் தம் பக்கம் வளைக்க விருப்பம் இருந்தது. ஒருவருக்குத் தம் கோட்பாட்டின்மேல் பற்று, மற்றவருக்குத் தம் மதக்குழுவின்மேல் பற்று. இருவரும் ‘இல்லை’ என்ற விடையைக் கேட்டனர். பிராய்டு அந்த ‘இல்லை’யைத் தம் வெற்றிக்குச் சான்றாக்கிக்கொண்டார். அகுஸ்தினாரோ அதனால் காயப்பட்டார். அந்தக் காயம் பிற்காலத்தில் அவருக்கு மருந்தாயிற்று.

ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். மோனிக்கா தம் விருப்பப்படி ஒரு பொருளைப் புனையவில்லை. கனவில் சொல்லப்பட்ட சொற்களின் வரிசையை அப்படியே பற்றிக்கொண்டார். கனவு கண்டவருக்கு உரிமை உண்டு என்பதன் பொருள், அவர் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்பதன்று. கண்டதற்கு உண்மையாக இருக்கும் கடமையும் அவருக்கே உண்டு. உரிமையும் கடமையும் அங்கே இணைந்தே நிற்கின்றன.

ஆறாம் புத்தகத்தில் மற்றொரு செய்தி. மகனின் திருமணம் பற்றி இறைவன் ஏதேனும் காட்ட வேண்டும் என்று மோனிக்கா வேண்டியபோது வந்தவை வெறும் மனக்காட்சிகளே. மகனின் எதிர்காலத்தில் அவ்வளவு ஆர்வம் கொண்டிருந்தும் அவற்றை அவர் பெரிதாகக் கொள்ளவில்லை. இறைவன் காட்டுவதற்கும் தம் உள்ளம் கனவு காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை, சொல்லில் அடங்காத ஒருவகைச் சுவையால் அறிவதாக அவர் கூறுவாராம். தெளிந்து தேர்தல் என்று நாம் அழைப்பது இந்தச் சுவையறிவைத்தான். பத்தாம் புத்தகத்தில், பழைய இச்சைகள் உறக்கத்தில் வந்து அலைக்கழிப்பதைப் பற்றி அகுஸ்தினாரே பேசுகிறார். அப்போது நான் நானாக இல்லையா என்று கேட்கிறார். அதைச் செய்தவர்கள் நாமல்லர், நம்மில் அது நிகழ்ந்தது என்று ஆறுதலும் கொள்கிறார். தீய கனவு கண்டதற்காக நற்கருணை வாங்கத் தயங்கும் எளிய உள்ளங்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. சம்மதம் இல்லாத இடத்தில் பாவம் இல்லை.

இன்றைய நிலை

பிராய்டுக்குப் பின் வந்தோர் தோராவிடமிருந்து பாடம் கற்காமல் இல்லை. 1913-இல் அவரிடமிருந்து பிரிந்த கார்ல் யூங், கனவு எதையும் மறைப்பதில்லை, தன் மொழியில் உள்ளதை உள்ளபடியே காட்டுகிறது என்றார். நோயாளியின் இசைவைப் பெறாத விளக்கம் எதுவும் செல்லாது என்றும் வலியுறுத்தினார். நம் தொமினிக்கன் சபை இறையியலார் விக்டர் ஒயிட் அவரோடு நட்புப் பூண்டு, 1952-இல் ‘கடவுளும் நனவிலி மனமும்’ என்ற நூலை யூங்கின் முன்னுரையோடு வெளியிட்டார். தீமை என்பது நன்மையின் இன்மையே என்ற நம் மரபுக் கோட்பாட்டை யூங் ஏற்காததால் அந்நட்பு பின்னர் நொந்துபோனது தனிக்கதை. நியூயார்க் மருத்துவர் மாண்டேக் உல்மன் ஒரு குழுமுறையை வகுத்தார். பிறருடைய கனவைக் கேட்டவர்கள், இது என் கனவாக இருந்தால் எனக்கு இப்படித் தோன்றும் என்று மட்டுமே பேசலாம். எதை ஏற்பது, எங்கே நிறுத்துவது என்பது கனவு கண்டவரின் கையில். அமெரிக்க உளவியலார் கிளாரா ஹில் 1996-இல் வெளியிட்ட நூலில் மூன்று படிகளைக் கூறுகிறார்: முதலில் கனவின் ஒவ்வொரு காட்சியையும் உணர்வையும் விரித்துப் பார்த்தல், பின் வாழ்வோடு இணைத்துப் பொருள் காணல், இறுதியாக வாழ்வில் எதை மாற்றுவது என்று முடிவு செய்தல். மூன்றிலும் மருத்துவர் துணைவரே.

கனவெல்லாம் மூளையின் வேலைதானே என்று கேட்போர் உண்டு. கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலை 1953-இல் கண்டறியப்பட்டது. 1977-இல் ஹாப்சன், மெக்கார்லி என்னும் இரு மருத்துவ அறிஞர்கள், மூளைத்தண்டு எழுப்பும் தூண்டல்களை முன்மூளை கோத்துக் கட்டுவதே கனவு என்றனர். ஆயினும் கோப்பது யாருடைய நூல்? அவரவர் நினைவும் அச்சமும் அன்பும்தானே? கனவுக்குப் பொருளே இல்லை என்று ஹாப்சனும் சொல்லவில்லை. அது ஒளிந்திருக்கவில்லை, வெளிப்படையாகவே இருக்கிறது என்பதே அவர் வாதம். கனவுக்கு உள்ளத்தின் கவலைகளும் உடலின் நிலையும் காரணமாகலாம் என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார். ஆகவே அறிவியல் நம்மை அச்சுறுத்தத் தேவையில்லை.

வருங்காலம் அறியக் கனவை நாடுவது வேறு. உள்ளம் அறியக் கனவைக் கேட்பது வேறு. முன்னதைத் திருச்சபை என்றும் ஏற்றதில்லை. கனவை நம்புவோரை நிழலைப் பிடிப்போருக்கு ஒப்பிடுகிறது சீராக்கின் ஞானம். அதே இடத்தில், உன்னதரே அனுப்பிய கனவுக்கு விலக்கும் அளிக்கிறது. பின்னதற்கு வாயில் திறந்தே இருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953 ஏப்ரலில் உளமருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், அறநெறியின் எல்லைக்குள் அவர்கள் பணியை ஊக்குவித்தார். அருள்பணியில் உளவியலைப் பயன்படுத்துமாறு வத்திக்கான் சங்கமும் பணித்தது.

எனவே, மறைந்த தாய் கனவில் தண்ணீர் கேட்டதாகச் சொல்லி வருபவரிடம் திருப்பலிக் கருத்தை எழுதிக்கொண்டு காணிக்கை பெற்று அனுப்பிவிடுவது போதாது. திருப்பலி ஒப்புக்கொடுப்போம், அது இறந்தோருக்கும் உயிருள்ளோருக்கும் அருள். அதோடு ஒரு கேள்வியும் கேட்கலாம்: தாயின் கடைசி நாள்களில் தண்ணீர் கொடுத்தது யார்? அந்தக் கேள்விக்குப் பின் வரும் அழுகையில், கனவு நூல் எதிலும் இல்லாத பொருள் இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம். அப்படியில்லை, சாமி என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லோடு நாம் நின்றுவிட வேண்டும்.

அதிலும் சிறுவர் சிறுமியர் சொல்லும் கெட்ட கனவுகளில் மிகுந்த கவனம் தேவை. கெட்ட கனவு கண்ட பிள்ளைக்கெல்லாம் தீங்கு நேர்ந்தது என்று முடிவு கட்டுவது பிராய்டின் பிழையையே மறுபடி செய்வதாகும். ஆனால் ஒரு பிள்ளை வாய் திறந்து நடந்ததைச் சொல்லும்போது அதைக் கற்பனை என்று தள்ளுவது அதனினும் கொடிய பிழை. தோராவின் தந்தை செய்தது அதுவே. திருச்சபையிலும் அப்பிழை நிகழ்ந்தது. அதற்காக நாம் தலைகுனிய வேண்டியதாயிற்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட சட்டம், இத்தகைய குற்றங்களை அறியவரும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. கேட்பது இனி இரக்கச் செயல் மட்டுமன்று, கடமையும் ஆகும். குருவின் ஆற்றலுக்கு மேற்பட்ட உள்ளக் காயங்களைத் தேர்ந்த உளமருத்துவரிடம் அனுப்பிவைப்பதும் அக்கடமையின் பகுதியே.

தொடக்கநூலில் யோசேப்பு இருவகைக் கேட்போரையும் அறிந்தவர். அவருடைய இளமைக் கனவுகளைக் கேட்டவர்கள் பொறாமை கொண்ட அண்ணன்மார். கேட்டவுடன் பொருள் சொல்லிவிட்டார்கள், அதன் முடிவு குழியும் அடிமைத்தனமும். பின்னர் எகிப்தின் சிறையில் அவரே கேட்பவரானார். அங்கே கனவைப் பற்றி முதலில் பேச்செடுத்தவர்கள் அரசனின் அலுவலர் இருவருமல்லர். காலையில் அவர்களிடம் வந்த யோசேப்பு, அவர்கள் முகம் வாடியிருப்பதைக் கண்டு, ஏன் இந்த வாட்டம் என்று கேட்டார். கனவும் அதன் பொருளும் அதற்குப் பின்னரே வருகின்றன. பொருள் கடவுளுக்கு உரியது என்று சொல்லிவிட்டுத்தான் கனவைச் சொல்லுமாறு கேட்கிறார். முகத்தைப் பார்த்தவர், பொருள் தம்முடையதன்று என்று அறிந்தவர். கனவு கேட்கும் தகுதி அத்தகையவருக்கே உண்டு.